இன்லாண்டருக்கு வைத்த ஒப்பாரி

லஹாகு தன் ஆயுளில் வென்றவற்றை ஹிலிமோலா ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வரிசை மாறாமல் சொல்லக்கூடியவள் அவனுடைய அக்கா புருதி ஒருத்திதான். ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய கல்லை, கால் விரல் முறிந்த பிறகும் ஓடிவந்து தாண்டினான். தாய் தகப்பன் இல்லாத வீட்டுக்குப் பெண் தர மாட்டேன் என்று வெற்றிலையைத் திருப்பியனுப்பிய மோலி அப்பாவின் மகளையே கட்டினான். அவன் வேய்ந்த கூரைக்குள் மழைக்காலத்தில் பாத்திரம் வைக்க வேண்டியதில்லை என்று பக்கத்து ஊர்க்காரர்களையும் சொல்ல வைத்தான். இவையெல்லாம் ஊருக்கு ஊர் யாராவது ஒருவன் வெல்கிற காரியங்கள். வேறு யாரும் வெல்லாத ஒன்றையும் லஹாகு வென்றான். அவன் சாவுக்கு முரசு அடித்து, பன்றி அறுத்து, கறியைப் பங்கு போட்டு, ஊரே சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, உயிரோடிருப்பவர்கள் நடுவில் தன் இடத்தைத் திரும்பப் பிடித்தான்.

அந்தச் சாவை ஊருக்கு அறிவித்தவளும் புருதிதான்.

நியாஸ் தீவின் தெற்கே டச்சுக்காரர்கள் சாலை வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டுக்கு ஓர் ஆள் மாதத்தில் பாதி நாள் கல் சுமக்கப் போக வேண்டும். கூலி கிடையாது, போகாதவன் வீட்டுக்குச் சிப்பாய் வருவான். லஹாகுவுக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. கல்யாணம் பேசி முடித்தாகிவிட்டது. பெண்ணின் தகப்பன் மோலி அப்பா, கொடுக்க வேண்டிய பன்றிகளோடு தன் வீட்டுக் கூரையையும் மாற்றித் தர வேண்டும் என்று கடைசி நேரத்தில் ஒரு கொக்கி போட்டிருந்தார். கூரைக்குச் சாகோப் பனையின் ஓலை வெட்டி, தைத்து, அடுக்கியும் வைத்துவிட்டான். ஏறி வேய நாள்தான் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் மலையடிவாரத்துப் பயணிகள் விடுதிக்கு ஒரு டச்சு டாக்டர் வந்து இறங்கினார். மூக்குத் தோல் வெயிலில் உரிந்த, சின்ன வயது மனிதர். வைத்தியம் பார்க்க வரவில்லை. ஊர் ஊராக ஆட்களைக் கூப்பிட்டு, இரும்பு இடுக்கியால் தலையை அளந்தார், மூக்கை அளந்தார், கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே அளந்தார். அவரோடு கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள பாடாங் பட்டணத்திலிருந்து மாரா சூதன் என்ற உதவியாளர் வந்திருந்தார். தலையில் கறுப்புத் தொப்பி, காலில் ஷூ. நம் மொழியும் பேசுவார், தவறில்லாமல், ஆனால் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக.

அவர் ஊர்த் தலைவரான துஹா அப்பாவிடம் வந்து சொன்னார்: "டாக்டருக்கு முகம் வேணும். மாவு மாதிரி ஒண்ணைக் குழைச்சு முகத்து மேல பூசுவாங்க. கொஞ்ச நேரம் அசையாமப் படுத்திருக்கணும். மூச்சு விட மூக்குல குழாய் வெப்பாங்க. காஞ்சதும் எடுத்துடலாம். முகம் குடுக்கிறவனுக்கு இந்த மாசம் ரோட்டு வேலை கிடையாது."

"முகத்தை எடுத்துட்டா அப்புறம் அவனுக்கு என்ன இருக்கும்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். லஹாகு சிரிக்கவில்லை. ஒரு மாதம் என்றால் கூரை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஆண்கள் கூட்டத்துக்கு வராத அக்காவிடம் சொன்னால் விடமாட்டாள் என்று மறுநாள் காலையில் சொல்லாமலே இறங்கிப் போய்விட்டான்.

அன்று மதியம் புருதி பன்றிக்குக் கிழங்குக் கொடி அறுத்துக்கொண்டு விடுதிப் பக்கமாக வந்தாள். விடுதியின் பின்புறம் இரண்டு கல்லின் மேல் ஒரு பலகை. பலகையில் முகங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. வெள்ளை வெளேரென்று, கண் மூடி, உதடு இறுக்கி. மூன்றாவது முகத்தின் இடது புருவத்தில் ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குப் பச்சிலை வைத்துக் கட்டியவள் அவள். தலையிலிருந்த கொடிக் கட்டு தானாகக் கீழே விழுந்தது.

நம்மிடம் உயிரோடிருப்பவனுக்கு உருவம் செய்கிற வழக்கமே இல்லை. ஒருவர் செத்தால் மரத்தில் அவர் உருவம் செதுக்கி, அதன் காதருகே பெயரைச் சொல்லி, வீட்டுச் சுவரில் கட்டுவோம். அதற்குப் பிறகு அதுதான் அவர். விசேஷத்துக்கு விசேஷம் அவருக்கும் ஒரு வாய் கறி உண்டு. புருதியின் வீட்டுச் சுவரில் அவளுடைய அப்பா அப்படித்தான் இருந்தார். வேறு எதற்காகவும் ஒரு மனித முகத்தை யாரும் செய்து அவள் பார்த்ததில்லை.

இதில் உடம்பும் இல்லை, முகம் மட்டும். பகை ஊர்க்காரனின் தலையை வெட்டிக் கொண்டுவருகிற நம் பழக்கத்தைக் கைவிடச் சொல்லித்தான் இந்த டச்சுக்காரர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். கைவிடச் சொல்லிவிட்டு அவர்களே எடுத்துக்கொண்டு போகிறார்களா?

"லஹாகு!" என்று அவள் போட்ட கூச்சல் மலை மேல் ஊருக்கே கேட்டது. அது சாவுக் கூச்சல். அதற்கென்று தனி இழுப்பு உண்டு, யாரும் வேறு எதற்காகவும் அப்படிக் கத்தமாட்டார்கள். விடுதிச் சமையல்காரன் ஓடிவந்து, முகத்தைத் தொடப் போனவளை விரட்டினான். அவள் மார்பில் அடித்துக்கொண்டே படியேறினாள். மேலே வந்து சேர்வதற்குள், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு உள்ளேயே கதவு வைத்த நம் தெருவில், செய்தி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விட்டிருந்தது. முரசு ஒலித்துக்கொண்டிருந்தது. மாவு பூசுகிற பேச்சைக் கேட்டிருந்த ஆண்கள்கூட, மூச்சு அடைத்துச் செத்திருப்பான் என்றே நினைத்தார்கள்.

உடம்பு கிடைக்காத சாவுக்குத் தாமதம் கூடாது. அலைகிற ஆவிக்கு அன்றே சோறு போட வேண்டும். கல்யாணத்துக்காக வளர்த்த பன்றிகளில் பெரியவை இரண்டையும் அறுத்தார்கள். தலைவருக்குத் தலைவரின் பங்கு, பூசாரிக்குப் பூசாரியின் பங்கு. சம்பந்தி முறைக்கு உரிய கீழ்த்தாடை மோலி அப்பாவுக்குப் போனது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார். அவர் மகள் நடோயா சாப்பிடவில்லை. சாகோ ஓலைக் கட்டின் மேல் முகத்தை வைத்துப் படுத்துவிட்டாள்.

இருட்டுவதற்குச் சற்று முன்னால் லஹாகு படியேறி வந்தான். முகம் எடுத்த பிறகு டாக்டரின் பெட்டிகளில் சிலவற்றைக் கடற்கரை வரை சுமந்து கொடுத்துவிட்டு, ஆற்றில் குளித்துவிட்டு வருகிறான். தலை ஈரம். பூச்சோடு பிய்ந்து வந்ததில் புருவம் பாதிதான் இருந்தது. காதோரம் இன்னும் வெள்ளையாக இருந்தது. தெருவில் விளையாடிய பிள்ளைகள் ஒரே ஓட்டமாக ஓடி, தூண்கள் மேல் நிற்கும் வீடுகளுக்கடியில் புகுந்தார்கள். அவன் ஒன்றும் புரியாமல் கறி வாசனை பிடித்தபடியே நேராக வீட்டு வாசலுக்கு வந்து நின்றான்.

"என்னக்கா, ஒரே கறி வாசனையா இருக்கு? யாரு செத்தா?"

புருதி அடுப்புச் சாம்பலை இரண்டு கையாலும் அள்ளி அவன் மேல் வீசினாள். "கிட்ட வராதே! செத்தது நீதான்டா!"

"நானா?" சாம்பலைத் துப்பிக்கொண்டே கேட்டான். "எப்போ?"

"மத்தியானம்!"

"மத்தியானம் நான் பெட்டி தூக்கிக்கிட்டு இருந்தேன்கா. தோள்பட்டை எப்படி வீங்கியிருக்கு பாரு. செத்தவனுக்குத் தோள் வீங்குமா?"

அவள் பார்த்தாள். தோள் வீங்கித்தான் இருந்தது. ஒரு விரலால் அழுத்தினாள். அவன் "ஆ!" என்றான். அவன் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தம்பி உயிரோடிருக்கிறான் என்ற சந்தோஷம் வருவதற்கு முன்னால், தான் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்ற திகில் வந்துவிட்டது. கத்தியாகிவிட்டது. முரசு அடித்தாகிவிட்டது. ஊர் சாப்பிட்டாகிவிட்டது. சாப்பிட்டதை எப்படித் திருப்புவது?

மறுநாள் காலை தெருக் கற்பலகைகளின் மேல் ஊர்க்கூட்டம் கூடியது. வெற்றிலைப் பை சுற்றி வந்தது. லஹாகுவிடம் வந்தபோது, அதை வைத்திருந்தவன் அவனைத் தாண்டி அடுத்த ஆளுக்குக் கொடுத்தான். செத்தவன் வெற்றிலை போடுவதில்லை. லஹாகு நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டான். கூட்டத்துக்கு வெளியே நின்ற புருதிக்கு அதைப் பார்த்ததும், பலகையில் அந்த வெள்ளை முகத்தைப் பார்த்தபோது இருந்ததைவிட மோசமாக இருந்தது.

மோலி அப்பாதான் ஆரம்பித்தார். "நான் ஒண்ணும் கெட்ட மனுஷன் இல்ல. பையன் நல்லவன், கூரை நல்லா வேய்வான், ஒத்துக்கறேன். ஆனா அவன் சாவுக்குத் தாடை தின்னுட்டேன். தின்ன வாயால எப்படி மாப்பிள்ளைன்னு கூப்பிடறது?"

"கொஞ்சமாவது மிச்சம் வெச்சிருக்கலாம்ல, மாமா?" என்றான் லஹாகு.

"செத்தவன் பேசக் கூடாது" என்றார் ஒருவர்.

"செத்தவனுக்குக் கறி பங்கு வரும்ல? என் பங்கு எங்கே? காலையிலேருந்து பசிக்குது."

சிலர் சிரித்தார்கள், துஹா அப்பா தடியால் கல்லைத் தட்டினார். பிறகு பூசாரி வாவோலி பேசினார். ஒல்லியான மனிதர், எதையும் அவசரப்பட்டுச் சொல்லமாட்டார்.

"கூச்சல் தப்பா இருக்கலாம். வாய் தவறும். ஆனா முகம்னு ஒண்ணு கீழே இருக்கே. அதுக்கு யார் பேரைச் சொல்லியிருக்காங்கன்னு போய்ப் பாக்கணும். இவன் பேருன்னா, செத்தது இவன்தான். இங்க நிக்கிறது வெறும் நிழல். அடுத்த அமாவாசைக்குள்ள ஊரை விட்டுப் போயிடணும். வேற பேருன்னா, செத்தது வேற ஆளு. ஹியா அம்மா பேரை மாத்திக் கத்திட்டா. அவ்வளவுதான்."

ஹியா அம்மா என்றது புருதியைத்தான். தலைப்பிள்ளை பிறந்த பிறகு யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பூசாரி, லஹாகு, புருதி மூவரும் விடுதிக்கு இறங்கினார்கள். பெட்டிக்குள் மரத்தூள் கொட்டி, மாரா சூதன் முகங்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். பூசாரி வெற்றிலை நீட்டினார். மாரா சூதன் வாங்கிக்கொண்டார்.

"இந்த முகத்துக்கு யார் பேரைச் சொன்னீங்க?" என்று பூசாரி கேட்டார்.

"பேரா? பேர் எதுவும் சொல்லல. பின்னாடி எழுதியிருக்கு, அவ்வளவுதான்." அவர் முகத்தைத் திருப்பினார். பின்பக்கக் குழிவில் ஆணியால் கீறின எழுத்துகள் இருந்தன. படித்தார்: "இன்லாண்டர். நியாஸ். ஆண்."

"யாரு அந்த இன்லாண்டர்?"

மாரா சூதன் சிரித்தார். "ஆள் இல்லை. நீங்கதான். நீங்க எல்லாரும்."

லஹாகுவின் வாய் திறந்தது. "ரோட்டு வேலையில மேஸ்திரி கத்துறது இதுதானா? கல் தூக்கச் சொல்றான்னு இத்தனை நாளா நினைச்சேன். கத்தினப்பல்லாம் தூக்கினேனே!"

"கெட்ட வார்த்தை இல்லை" என்றார் மாரா சூதன். "சட்டத்துலயே இருக்கு. இந்த ராஜ்ஜியத்துல ஆளுங்க மூணு வகை. ஐரோப்பியர். அப்புறம் சீனர், அராபியர் மாதிரி வெளியே இருந்து வந்த கிழக்கு நாட்டார். மிச்சம் எல்லாரும் இன்லாண்டர். இந்த மண்ணுல பிறந்தவன்னு அர்த்தம். ஒவ்வொரு வகைக்கும் தனி கோர்ட்டு, தனி ஜெயில், ரயில்ல தனி பெட்டி."

புருதி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வடக்கே உள்ள ஊர்க்காரன் ஒருவன். அவனோடு நம் ஊருக்கு மூன்று தலைமுறைச் சண்டை. பக்கத்தில் கடல் தாண்டி வந்த பத்தாக் இனத்துச் சுமைகூலி ஒருவன். அவன் சாமி வேறு, சாப்பாடு வேறு. எல்லா முகமும் கண்ணை மூடி ஒரே மரத்தூளில் கிடந்தது.

"எல்லாத்துக்கும் இதே பேரா எழுதியிருக்கு?"

"இதேதான்."

"ஏன் சாமி, எங்க பாஷையில எங்களுக்கு 'மனுஷப் பிள்ளைங்க'ன்னு பேரு. பிறந்ததுலேருந்து அதான். அதை எழுதினா ஆணி தேஞ்சிடுமா?"

"எனக்குத் தெரியலைம்மா. டாக்டர் எழுதச் சொல்றதை எழுதறேன்."

"அவங்க ஊர்ல அவங்களும் அந்த மண்ணுல பிறந்தவங்கதானே? அங்கே அவங்களை இன்லாண்டர்னு சொல்லுவாங்களா?"

மாரா சூதன் யோசித்தார். "நான் கேள்விப்பட்டதில்லை."

"நீங்க?"

அவர் குனிந்து மரத்தூளைக் கையால் சமன்படுத்தினார்.

"ஷூ போட்டுக்கிட்டுமா?" என்றாள் புருதி. கேலியாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அது கேலியாக இல்லாமல் போய்விட்டது. அவர் தன் காலைப் பார்த்துவிட்டு, "ஷூ போட்டுக்கிட்டும்தான்" என்றார்.

பூசாரிக்கு மட்டும் முகம் தெளிந்தது. அவர் லஹாகுவின் காதில் குனிந்தார். "நல்லதாப் போச்சுடா. உன் பேர் இல்லை. இன்லாண்டர்ங்கிறவன் யாரோ, செத்தது அவன். வா போகலாம்."

அந்த நேரம் பார்த்து டாக்டர் எழுந்து வந்தார். என்ன விஷயம் என்று மாரா சூதனிடம் கேட்டார். இருவரும் அவர்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள். டாக்டரின் முகத்தில் உண்மையாகவே ஒரு வருத்தம் தெரிந்தது. அவர் பெட்டியிலிருந்து லஹாகுவின் முகத்தைப் பூப்போலத் தூக்கினார், ஆணியை எடுத்தார், லஹாகுவைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"டாக்டர் கேக்கறார்" என்றார் மாரா சூதன். "பேர் இல்லாததுதான் உங்களுக்கு வருத்தம்னா, எழுதிடலாமாம். கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய மாளிகையில கண்ணாடிக்குள்ள வைப்பாங்க. நூறு வருஷம் இருக்கும். பேரைச் சொல்லு, எழுதறேங்கறார்."

புருதியின் கை தானாகப் போய்த் தம்பியின் முதுகுத் துணியைப் பிடித்தது. பேரைச் சொன்னால் அந்த முகத்தின் காதில் சொன்ன மாதிரிதான். அது முழுதாக அவனாகிவிடும். ஊர் இல்லை, வீடு இல்லை, நடோயா இல்லை. சொல்லாவிட்டால்? நூறு வருஷத்துக்கு அவன் முகம் கண் மூடி, மூன்று வகையில் கடைசி வகையாக, யாரோ பார்க்க நிற்கும். அவன் புருவத்து வெட்டு எப்படி வந்தது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

லஹாகு தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். டாக்டர் ஆணியைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். 

கடைசியில் சொன்னான்: "அது நான் இல்லைன்னு சொல்லுங்க."

மாரா சூதன் புரியாமல் பார்த்தார். "உன் மூஞ்சிதானே? புருவத்துல வெட்டுகூட—"

"என் மூஞ்சி இங்க இருக்கு. அது இன்லாண்டர். அவனை நீங்களே வெச்சுக்கோங்க."

டாக்டர் தோளைக் குலுக்கினார். முகத்தை மரத்தூளில் திரும்ப வைத்தார். மாரா சூதன் மூடியை வைத்து ஆணி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் லஹாகுவின் இமை துடித்ததைப் புருதி பார்த்தாள்.

மேலே ஏறும்போது அவன் படியை மட்டும் பார்த்து நடந்தான். பாதிப் படியில் புருதி பொறுக்க மாட்டாமல், "நீ செஞ்சதுதான்டா சரி" என்றாள்.

"சரிதான்கா. ஆனா ஒருத்தன் கேட்டான், உன் பேரென்னன்னு. அவங்கள்ல யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லை. ஒரே ஒருத்தன் கேட்டான். அப்போ எனக்குப் பேரே இல்லைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

அன்றுவரை தம்பிக்குச் சொல்ல அவளிடம் ஏதாவது ஒன்று இருந்திருக்கிறது.

கூட்டம் திரும்பக் கூடியது. பூசாரி நடந்ததைச் சொன்னார். இன்லாண்டர் என்ற அயலான் ஒருவன் மலையடிவாரத்தில் செத்துப்போனான். ஊர் அவனுக்கு முறையாக அழுது, முறையாகச் சாப்பிட்டது. ஊருக்கு இது பெருமையே ஒழியக் குறையில்லை என்றார். துஹா அப்பா தலையை ஆட்டினார். மோலி அப்பா கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்துவிட்டு, "அப்படின்னா நான் தின்ன தாடை அயலானோடது. என் மாப்பிள்ளை எனக்கு இன்னும் தாடை தரணும்" என்றார். ஊர் முழுக்கச் சிரித்தது. வெற்றிலைப் பை லஹாகுவின் முன் வந்து நின்றது. அவன் எடுத்த எடுப்பில் நான்கு வெற்றிலை எடுத்துவிட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

புதிதாகப் பன்றி வளர்ந்த பிறகு, அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே மோலி அப்பாவின் கூரையை வேய்ந்து முடித்திருந்தான். ஊரில் அவனுக்குச் 'செத்தவன்' என்றே பட்டப்பெயர் நிலைத்தது. "ஏய் செத்தவனே, நேத்து எங்கே காணோம், மறுபடி செத்துட்டியா?" என்பார்கள். "உங்க வீட்டுல கறி இருக்கான்னு பாத்துட்டுச் சாகலாம்னு இருக்கேன்" என்பான். அதில் அவனுக்கு வருத்தமில்லை.

வேறொன்றுதான் இருந்தது. சாலை வேலையில் மேஸ்திரி அந்த வார்த்தையைச் சொல்லிக் கத்தும்போது மற்றவர்கள் குனிந்து கல்லைத் தூக்குவார்கள். லஹாகு மட்டும் நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்ப்பான், யாரோ வந்திருக்கிற மாதிரி. துறைமுகத்துக்குக் கொப்பரை சுமந்துபோனபோது ஆஸ்பத்திரித் திண்ணையில் ஒரு பெஞ்சின் மேல் அதே வார்த்தை எழுதியிருப்பதாக ஒருவன் படித்துச் சொன்னான். எல்லாரும் அதில் உட்கார்ந்தார்கள். லஹாகு அந்தப் பெஞ்சில் உட்காரவில்லை; கால் கடுக்க எதிரே நின்றான்.

ஒரு அறுவடை விசேஷத்தில் அவன் அப்பாவின் உருவத்துக்கு வைத்ததுபோக, இலையில் இன்னொரு துண்டுக் கறி வைத்து வாசற்படியில் கொண்டுபோய் வைத்தான். புருதி பார்த்துவிட்டாள்.

"அது யாருக்குடா?"

"அவனுக்கு."

"எவனுக்கு?"

"என் மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போனானே, அவனுக்கு. நீ அழுதியே அக்கா. ஊரே சாப்பிட்டுச்சே. அங்க அவனுக்கு யாரு போடுவா?"

அவளுக்கு அந்த இலையை எட்டி உதைக்க வேண்டும் போலவும் இருந்தது. இன்னொரு துண்டு வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் உள்ளே போய்விட்டாள். ஒவ்வொரு வருஷமும் அவன் வைத்தான். ஒவ்வொரு வருஷமும் நாய் தின்றது.

இதற்கிடையில் சுற்றுவட்டாரத்தில் மிஷன் பள்ளிக்கூடம் வந்தது. லஹாகுவின் மகள் போய் எழுத்துப் படித்தாள். அவள் சாம்பலில் எழுதிப் பார்க்கும்போது இவனும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவான். பிள்ளையின் பெயரை எழுதுவான், நடோயாவின் பெயரை எழுதுவான், அக்காவின் பெயரை எழுதிக் காட்டி அவளைச் சிரிக்க வைப்பான். தன் பெயரை மட்டும் எழுதியதே இல்லை. புருதி ஒரு நாள் அதைக் கவனித்தாள்; கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குக் காரணம் தெரியும். அந்த முகம் எங்கோ இருக்கிறவரை, பெயரை எங்காவது எழுதிவைத்தால் அது கடல் தாண்டிப் போய் அந்தக் காதில் விழுந்துவிடும் என்ற பயம் அவனைவிட அவளுக்குத்தான் அதிகம்.

அப்புறம் ஒரு வருஷம், நடவு சமயத்தில் சாலை வேலைக்கு இரட்டை ஆள் கேட்டார்கள். நெல் நடக் கை இல்லை. போன வருஷமே பட்டினி. துஹா அப்பாவின் பேத்தி உட்பட ஊரில் குழந்தைகள் செத்திருந்தார்கள். மேலதிகாரிக்கு மனு எழுதுவது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது. பள்ளிக்கூட வாத்தியார் எழுதினார். கற்பலகைகளின் மேல் எல்லாரும் உட்கார்ந்திருக்க, உரக்கப் படித்தார்: "ஹிலிமோலா ஊரைச் சேர்ந்த இன்லாண்டர்களாகிய நாங்கள் பணிவோடு கேட்டுக்கொள்வது—"

"நிறுத்துங்க, வாத்தியாரே" என்றான் லஹாகு. "யாரு கேக்கறது?"

"அப்படித்தான் எழுதணும், லஹாகு. அவங்களுக்கு அப்படி எழுதினாத்தான் புரியும்."

"இன்லாண்டருக்குப் பட்டினி கிடையாது. அவன் கண்ணாடிக்குள்ள நல்லா இருக்கான். பட்டினி கிடக்கறது நாங்க. எங்க பேரை எழுதுங்க."

"எழுதினா, எந்தப் பேர் முதல்ல இருக்கோ அவனைத்தான் முதல்ல பிடிப்பாங்க. போன வருஷம் பக்கத்து ஊர்ல என்ன ஆச்சு? கைநாட்டு வெச்சாப் போதும். யாரோட விரல்னு அவங்களுக்குத் தெரியாது."

மோலி அப்பா தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டார். மிகவும் தளர்ந்திருந்த துஹா அப்பா தடியைக் கையில் உருட்டினார்.

லஹாகு எழுந்துபோய் வாத்தியாரின் கையிலிருந்து பேனாவை வாங்கினான். பெண்கள் பக்கத்தில் நின்ற புருதிக்கு, அவன் என்ன செய்யப் போகிறான் என்பது மற்றவர்களுக்கு முன்னால் புரிந்தது. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட ஆண்களின் கூட்டத்துக்குள் காலடி வைக்காதவள், கற்பலகைகளைத் தாண்டி ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம்டா. அந்த மூஞ்சி கேட்டுக்கிட்டு இருக்கும்டா."

"கேக்கட்டும்கா" என்றான். "இங்க உயிரோட ஒருத்தன் இருக்கான்னு அதுக்கும் தெரியட்டும்."

அவள் பிடி தளர்ந்தது. விடவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. விரல்கள் தானாக விட்டன. வாத்தியாரின் காகிதத்தில், எல்லாருடைய கைநாட்டுக்காகவும் விட்டிருந்த இடத்தின் உச்சியில், சாம்பலில் ஒருநாளும் எழுதாத அந்த எழுத்துகளைத் தம்பி ஒவ்வொன்றாக எழுதுவதை அவள் பார்த்தாள். முதல் எழுத்தில் மை கொஞ்சம் ஊறிவிட்டது. மற்றவை நேராக நின்றன. கீழே தேதியையும் அவனே எழுதினான்: 1921, ஜூன் 9, வியாழக்கிழமை.